அரிச்சந்திரன் கல்லில் வாசித்தது

ஊரில் மற்றப் பெண்கள் நடிகனுக்குப் பைத்தியமாக இருப்பார்கள், கிரிக்கெட் ஆடுகிறவனுக்குப் பைத்தியமாக இருப்பார்கள். எங்கள் ஷர்மிளா, சாவு ஊர்வலத்தில் கிளாரினெட் வாசிக்கிற ஒரு கிழவருக்கு ரசிகையாக இருந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில், தையல் லைனில், என் பக்கத்து மெஷின் அவளுடையது. 'சாவு ஷர்மிளா' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

கிழவர் பேர் இன்பராஜ். வாணியம்பாடிக்காரர். வாலிபத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு, பிறகு பேண்டு செட்டோடு போய்விட்டவர். கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். 'அந்தாளு ஊதினா பொண்ணு வீட்டுக்காரங்க தேம்ப ஆரம்பிச்சிடறாங்க' என்று செட்டு ஓனரே அவரை ஒதுக்கிவிட்டாராம். சாவுக்கு மட்டும் அனுப்புவார்கள். அங்கேயும் யார் கேட்கிறார்கள்? மேளத்தைச் சுற்றி ஆட ஒரு கும்பல், வெடி போட ஒரு கும்பல். கிளாரினெட் பின்னால் எங்கேயோ வரும். அவர் பேரை ஒருத்தரும் கேட்டதில்லை. "பீப்பீ பெரியவரே, டீ குடிங்க" என்பதோடு சரி.

ஷர்மிளா அவரை முதலில் கேட்டது அவள் அப்பா செத்த அன்று. அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். அங்கே விழுந்து புரண்டு அழுதுவிட்டுத் திரும்பி வந்து தலை முழுக வேண்டும். பாடை ஆண்களோடு போய்விடும். அவளும் முனையில் நின்றாள். மேளம் தூரமாகப் போய், போய், ஓர் இடத்தில் நின்றது. அப்புறம் கிளாரினெட் தனியாகக் கேட்டிருக்கிறது. கொஞ்சம்தான் கேட்டாள். அதற்குள் அத்தைமார்கள் இழுத்துக்கொண்டு வந்து தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள்.

"அப்பா போனதுக்கு அழுதேன்க்கா. ஆனா அத முழுசா கேக்கலையேன்னு அழுததுதான் ஜாஸ்தி" என்றாள் என்னிடம். பெற்ற அப்பனைப் பற்றி ஒரு பெண் இப்படியும் சொல்லுமா? ஆனால் சொன்ன முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை.

அந்தத் துண்டு என்ன என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டாள். சுடுகாட்டுக்கு முன்னால் அரிச்சந்திரன் கல் இருக்கும். பாடையை அங்கே இறக்குவார்கள். மேளம் நிற்கும். வெட்டியான் அரிச்சந்திரனிடம் உள்ளே போக உத்தரவு கேட்பார். உத்தரவு ஆனதும், மறுபடி தூக்குவதற்கு முன்னால், இன்பராஜ் தனியாக வாசிப்பார். யாரும் வாசிக்கச் சொன்னதில்லை. அவராக ஆரம்பித்து, அவராக வளர்த்தது. அது சினிமாப் பாட்டும் இல்லை, சர்ச் பாட்டும் இல்லை. அந்த நேரத்தில் ஆண்கள் ஓரமாகப் போய் பீடி பற்றவைப்பார்கள்.

அதை ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். ஷர்மிளாவுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தால் செட்டுக்காரருக்கு போன் போட்டு, "இன்பராஜ் அய்யா வர்றாரா?" என்று கேட்பாள். வந்தால் இவளும் போவாள். நாட்றம்பள்ளி வரைக்கும் போயிருக்கிறாள். முன்பின் தெரியாத வீட்டில் போய் உட்கார்ந்தால், இறந்தவரின் பெண்ஜாதி இவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பாள். இவளும் சேர்ந்து அழுவாள். 'நீ எந்த வழிம்மா?' என்று யாராவது கேட்டால், 'மாமா முறை' என்பாள். எங்கள் சூப்பர்வைசர் ஜஹீருன்னிசாவிடமும் அதே மாமாதான். பெர்மிஷன் கேட்டுப் போய் நின்றால் அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உனக்கு மொத்தம் எத்தினி மாமாம்மா? மிச்சம் இருக்கறவங்களையாவது பத்திரமா பாத்துக்கோ" என்பார். லைனே சிரிக்கும்.

கலவை ஊரிலிருந்து வந்த ஒரு சம்பந்தம் இதனாலேயே தட்டிப்போனது. எழவு வீடு எழவு வீடாகச் சுற்றுகிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அம்மா மூக்கைச் சிந்தினாள். இவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டில் ஒரு சாவுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரு தடவை துணிந்து முனையைத் தாண்டியும் போனாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஊர்வலத்துக்குப் பின்னால் நடந்திருக்கிறாள். கல்லுக்குப் பக்கத்தில் பாடையை இறக்கினார்கள். இன்பராஜ் வாயில் வைக்கப் போனவர் இவளைப் பார்த்தார். கிளாரினெட்டைக் கீழே இறக்கிவிட்டார். ஒரு பெண் அங்கே நிற்கும்போது அவர் வாசிக்க மாட்டார். ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, இவள் வந்த வழியே நடந்தாள். பிணத்துக்கும் அன்றைக்கு அந்த வாசிப்பு கிடைக்கவில்லை.

மறுவாரம் அவர் வீட்டுக்கே போனாள். நானும் துணைக்குப் போனேன். ஒண்டுக் குடித்தனம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. தனக்கு ஒரு ரசிகை இருக்கிறாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. என்னைத்தான் முதலில் பார்த்தார், இது ஏதோ கேலி என்று.

"அய்யா, அங்க வாசிக்கறத இங்க ஒரேவாட்டி வாசிங்களேன்" என்றாள்.

"அது வீடு இருக்கற எடத்துல வாசிக்கக் கூடாதும்மா. குடும்பம் நடக்கற எடம். ஆவாது."

"அப்ப வாயாலயாவது பாடிக் காட்டுங்க."

"எனக்கு அது பாட்டா தெரியாதும்மா. விரலுக்கும் மூச்சுக்கும்தான் தெரியும்." மேல் உதட்டைத் தூக்கி முன்பல்லை ஆட்டிக் காட்டினார். "சுகரு. மேல் பல்லு எல்லாத்தையும் எடுக்கணும்னுட்டாங்க. இந்தப் பல்லுலதான் வாத்தியம் நிக்குது. எடுத்துட்டா அவ்ளோதான். கட்டின பல்லு இதுக்கு ஒத்து வராது."

ஷர்மிளா பஸ்ஸில் தன் முன்பல்லை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கே பாவமாகிவிட்டது. அந்த வாரத்திலேயே எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டில் சொல்லி அந்தச் செட்டையே பேச வைத்தேன். என் கொழுந்தன் பிரேம்நாத் பாடை தூக்கப் போகிறவன். "டேய், கல்லாண்ட பெரியவர் தனியா வாசிப்பாரு. போன்ல புடிச்சிக்கினு வந்துடு" என்று ஷர்மிளா முன்னாலேயே சொன்னேன். இவள் தன் போனை நீட்டினாள். "உன்து வேணாம்க்கா, கிளாரிட்டி கம்மி. என்துல எடுக்கறேன்" என்று போய்விட்டான்.

முனையில் நின்றோம். மேளம் போனது, நின்றது. அன்றைக்குக் காற்று எதிர்த்திசை. எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் ஷர்மிளா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

சாயங்காலம் பிரேம்நாத் குளித்துவிட்டு வந்து அவளுக்கு அனுப்பினான். நானும் எட்டிப் பார்த்தேன். முதலில் பூ விழுகிற மாதிரி ஒரு டிசைன். தபால்காரர் படம். 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுத்து. அப்புறம் கல். இன்பராஜ் தெரிந்தார், கண்ணை மூடியிருந்தார், விரல்கள் ஓடின. கேட்டது என்னவோ ஒரு சினிமாவின் சோகப் பாட்டு, வயலினும் கோரஸுமாக.

"சத்தம் எங்கடா?" என்றேன்.

"இன்னா சத்தம்? அந்தப் பீப்பீயா? அது நல்லா இல்லண்ணி. பின்னாடி இருமறானுங்க வேற. அதான் தூக்கிட்டு நல்ல பாட்டா போட்டேன். ஷர்மிளாக்கா ஆசையா கேட்டாங்களேன்னு உக்காந்து பண்ணேன். ஸ்டேட்டஸ்ல எல்லாரும் சூப்பர்ன்றாங்க."

"மொதல்ல எடுத்தது?"

"மெமரி ஃபுல். அழிச்சிட்டேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதைதான். எங்கள் ஊரில் சாவு வீடியோ என்றால் இப்படித்தான் செய்வார்கள், பிரியத்தோடு செய்வார்கள். அவனை நான் திட்டாத திட்டில்லை. அவனுக்குக் கடைசிவரை புரியவே இல்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். ஷர்மிளா திட்டவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை கேட்டாள். எங்கேயாவது அடியில் அவர் வாசிப்பு இருக்காதா என்று காதோடு வைத்து மறுபடி கேட்டாள். ஒன்றும் இல்லை.

அடுத்த சாவு வருவதற்குள் அவருக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பார்க்கப் போனோம். கன்னம் ஒட்டிப்போய் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"அந்தத் தம்பி உனக்காகப் புடிச்சான்னு செட்டுல சொன்னாங்களே, கொண்டாந்தியாம்மா? நாப்பது வருஷமா வாசிக்கறேன், என் வாசிப்ப நானே வெளிய இருந்து கேட்டதில்ல. ஒருவாட்டி போடு."

அவர் கேட்பார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. 'போன் ரிப்பேர்னு சொல்லுடி' என்று கண்ணைக் காட்டினேன். எத்தனையோ மாமாவைச் சாகடித்தவள், அன்றைக்கு அவளுக்குப் பொய் வரவில்லை. போனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

பாட்டு ஓடியது. முதலில் போனைத் தள்ளிப் பிடித்தார், பிறகு கிட்டே பிடித்தார். திரையில் ஓடுகிற தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காமிரா அவரை விட்டுவிட்டு தபால்காரர் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. முடிந்ததும் திரையைத் தோள்துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல பாட்டும்மா" என்றார்.

ஷர்மிளா அவர் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அக்கம்பக்கத்தில் கதவைத் திறந்து பார்த்தார்கள். அவர் அவள் தலையைத் தொடலாமா என்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே நின்றார். எனக்கு பிரேம்நாத் மேல் இருந்த ஆத்திரம் எல்லார் மேலும் பரவியது. கல்லுக்குப் பக்கத்தில் பீடி குடித்த ஆண்கள் மேல், எங்களை முனையில் நிறுத்தி வைத்த சாஸ்திரத்தின் மேல், அந்தக் கிழவர் மேலும்கூட. யாரை அடிப்பது?

இப்போது அவள் சாவுகளுக்குப் போவதில்லை. ஜஹீருன்னிசாவே ஒருநாள், "இன்னாம்மா, மாமாங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. கம்பெனிக்குப் பின்னால் மேளம் போனாலும் தைத்துக்கொண்டே இருப்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அந்த வீடியோவை எடுத்து வைத்துக்கொள்வாள். பார்க்கச் சகிக்காமல், "அத அழிச்சித் தொலைடி" என்றேன்.

"விரலு இருக்குதேக்கா" என்றாள்.

சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறாள். காமிரா தபால்காரர் முகத்துக்குப் போகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுகிறாள்.