நீலம் காட்டிய மேசை

எங்கள் அலுவலகத்தை ஊழியர்களின் நன்மைக்காக மாற்றப்போகிறார்கள் என்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்த லண்டனில் என் நன்மைக்காக யார் எதைச் செய்தாலும், கடைசியில் என் கையில் இருப்பதில் ஒன்று குறையும்.

ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சரை ஒட்டினார்கள். ஆள் அசைந்தால் மேலே விளக்கு எரியும். எந்த மேசையை எவ்வளவு பாவிக்கிறோம் என்ற கணக்கும் மேலிடத்துக்குப் போகும்.

என் பக்கத்து மேசையில் ஒரு மன்னார் அக்கா இருந்தார். கணவர் இறந்தபின் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் தனி வாழ்க்கை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றபோதும் தினமும் ரயிலேறி வந்தார்.

"வீட்டில இருந்தா சுவரோடதான் கதைக்கோணும், பிள்ளை" என்பார்.

வந்தும் அதிகம் பேசமாட்டார். வேதக்காரி என்றாலும் கணினித் திரைக்கு முன்னால் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரித்தான் இருப்பார். அவருடைய தலைக்கு மேல் விளக்கு அணைந்துவிடும். நான் எட்டி அவருடைய மேசைக்கடியில் கையை ஆட்டுவேன், எரியும்.

"ஒருக்கா அசையுங்கோ அக்கா. செத்துப்போனீங்கள் எண்டு சென்சர் நினைக்கப்போகுது."

"நினைக்கட்டும்" என்று சிரிப்பார்.

அது அப்படியே நினைத்துவிட்டது. பாவிக்காத மேசைகளை எடுத்துவிட்டுச் செடிகள் வைக்கப்போகிறார்கள், மேசை போனவர்கள் இனி வீட்டிலிருந்தே வேலை செய்யவேண்டும் என்று அறிவித்தார்கள். அக்காவின் மேசையும் போகிறது. நான் ஆத்திரத்தோடு மனேஜரின் அறைக்குள் போய், அக்கா ஒரு நாளும் தவறாமல் வருகிறார் என்றேன். மனேஜர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். அதிலிருந்த அலுவலக வரைபடத்தில் அக்காவின் மேசை நீலமாக இருந்தது. நீலம் என்றால் ஆளில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அக்கா இருந்தார். "அங்கே பாருங்கள்" என்றேன். மனேஜர் பார்த்தார். ஒரு நாள் கண்ணால் கண்டதை வைத்து முடிவெடுக்க முடியாது என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அங்கே செடிகள் செழித்து நிற்கின்றன. அவற்றுக்கும் சென்சர் உண்டு, மண் காய்ந்தால் உடனே ஆள் வருகிறது.

நேற்று மதியம் அக்கா வீட்டிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். வேலை விஷயம் ஒன்றுமில்லை.

"என்ரை இடத்தில இப்ப ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, அக்கா."

"அப்ப நான் வரட்டே?"

 போனைக் காதில் வைத்தபடி அசையாமல் இருந்தேன். என் தலைக்கு மேல் விளக்கு அணைந்தது. எட்டிக் கையை ஆட்டப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.