முள்ளுக்கத்திரிப் புளிக்குழம்பு

இன்பமேரி சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டுக்கு மருமகளாக வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. போடிப் பக்கத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடையோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடியைப் பார்த்தாள். தண்டிலும் இலையிலும் முள். வெள்ளை வரி ஓடிய பச்சைக் காய்கள், கத்திரிப் பிஞ்சு மாதிரியே இருந்தன. கை கீறினாலும் விடாமல் மடி நிறையப் பறித்துவந்து, பொடியாக நறுக்கிப் புளிக்குழம்பு வைத்தாள்.

கணவர் பவுல்ராஜ் அதிகம் பேசாதவர்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாருக்கு. இன்னுங் கொஞ்சம் ஊத்து."

மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு இவள் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். நாக்கைச் சுருட்டும் கசப்பு. துப்பிவிட்டுச் சட்டியோடு கொட்டினாள்.

நான்கு மணிக்கு அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்; எழுந்தால் தலை சுற்றியது. ஜீப்பில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"அது விஷக்காய் ஆச்சே. யாரு பறிச்சது?" குழம்பில் போட்ட காய் எப்படி இருந்தது என்று விசாரித்த நர்ஸ் அதட்டினார்.

இன்பமேரி வாயைத் திறப்பதற்குள் பவுல்ராஜ் முனகினார்: "நாந்தான் சிஸ்டர். நாந்தான் பறிச்சுக் குடுத்து வைக்கச் சொன்னேன்."

பக்கத்தில் நின்ற மாமியார் முந்தானையால் மகனின் வாயைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் மாலை அவர் நடந்தே வீடு வந்தார். இன்பமேரிக்குத்தான் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாமியாரிடம் போய் அழுதாள். "அத்தை, காயப் பறிச்சது நாந்தான். அவுக பொய் சொல்லிட்டாக."

"தெரியும்த்தா. இந்த லயத்துல பொறந்தவன் முள்ளுக்கத்திரியப் பறிப்பானா? கொழம்புல கெடந்தது அவனுக்குத் தெரியல, அம்புட்டுத்தான்."

அன்று இன்பமேரி கணவரிடம் சத்தியம் வாங்கினாள். "இனிமே கசந்தா கசக்குதுன்னு சொல்லணும்."

சத்தியத்தை அவர் கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றினார். இருபத்துநாலு வருஷம் ஒரு வேளை விடாமல் குறை சொன்னார். உப்பு கம்மி, புளி கூட, சோறு குழைஞ்சுபோச்சு. எரிச்சலில் ஒருநாள் கரண்டியையே தூக்கி எறிந்திருக்கிறாள். அதற்கும் சிரித்தார்.

பவுல்ராஜ் நெஞ்சுவலியில் போய் இரண்டு வருஷமாகிறது. இன்பமேரி இன்னும் கொழுந்து கிள்ளப் போகிறாள். தேயிலைக் காட்டில் சாப்பிட உட்காரும்போது, கூடவே கொழுந்து கிள்ளும் ஜிஸ்மியிடம் டிபன் பாக்ஸை நீட்டுகிறாள்.

"நல்லாருக்கு அக்கா," என்கிறாள் ஜிஸ்மி.

"நல்லாப் பாத்துச் சொல்லுடி. ஏதாவது கொறை இருக்கும்."