கருப்பியைத் தூங்கவிடாத மூன்று நாள்

போன வருசம் ஆடி மாசம். ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல எனக்கு நைட் ஷிப்ட். ஒருநாள் காலையில வேலை முடிஞ்சு மில் பஸ்ஸுல வந்து இறங்குறேன், எங்க நாய் கருப்பி தெருவுல கிடக்கு. பைக்குல வந்த ஒருத்தன் இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டானாம். வாசப்படிக் கல்லுல தலை மோதியிருக்கு.

ஆட்டோ பிடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு மாட்டு டாக்டரம்மாகிட்ட கொண்டு போனேன். ஊசி போட்டு, மண்டைக்குள்ள அடி, பக்குவமாப் பாத்துக்கிட்டா பொழைச்சுக்கிடும்னாங்க. அவங்க முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ஆட்டோவுல ஏறிட்டேன். எனக்கு எப்பவும் அவசரம்தான்.

தலையில அடிபட்டா தூங்கவிடக்கூடாது, தூங்குனா அப்படியே போயிரும்னு கேட்டு வளந்தவ நான். கருப்பியோ கண்ணையே திறக்க மாட்டேங்குது. விடுவேனா? பகல்ல நான், ராத்திரி என் வீட்டுக்காரர்னு ஷிப்ட் போட்டோம். கண்ணு சொருகும்போதெல்லாம் தண்ணி தெளிச்சேன், தட்டைத் தட்டுனேன். மூணாம் நாள் அதால நிக்கவே முடியல. கழுத்து தொங்கிப்போச்சு. அழுதுக்கிட்டே மறுபடி தூக்கிட்டு ஓடுனேன்.

நான் செஞ்ச வைத்தியத்தைக் கேட்டுட்டு டாக்டரம்மா என் முகத்தையே பாத்தாங்க. நீங்க ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சுன்னாங்க. மூணு நாள், தலை கிறுகிறுங்குதுன்னேன்.

"இதுக்கும் அப்படித்தாம்மா. உங்களுக்காவது மண்டையில அடி படல."

செவுட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. பகல்ல நான் தூங்கும்போது பக்கத்து வீட்ல மிக்சி போட்டாக்கூட சண்டைக்குப் போறவ நான்.

முதல் நாள் அப்பப்போ எழுப்பிப் பாத்தாப் போதும், அதுக்குப் பொறவு தூக்கந்தான் மருந்துன்னாங்க. கொஞ்ச நாளைக்குப் பகல்ல தூங்கும், ராத்திரி முழிக்கும், பயப்படாதீங்கன்னாங்க. இந்தத் தடவை கடைசி வார்த்தை வரைக்கும் நின்னு கேட்டேன்.

அப்படியேதான் ஆச்சு. ராத்திரியெல்லாம் சுத்திச் சுத்தி நடந்து ஊளையிட்டுச்சு. எங்கயாவது கொண்டு விட்டுருன்னு பக்கத்து வீட்டு மதினி சண்டைக்கு வந்தாங்க.

"அது சரியாகுற வரைக்கும் இந்த வீட்டை விட்டுப் போகாது மதினி"ன்னேன்.

ஜன்னல்ல சேலையைக் கட்டி ரூமை இருட்டாக்குனேன். பகல்ல அதும் நானும் அங்கேயே படுத்துக் கிடந்தோம்.

ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு காலையில மில் பஸ்ஸை விட்டு இறங்குறேன், வாசல்ல கருப்பி வாலாட்டிக்கிட்டு நிக்கு. ராத்திரி பூரா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குச்சுன்னார் வீட்டுக்காரர். அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்.

இப்பவும் யாராச்சும் அசந்து தூங்குறதைப் பாத்தா, எழுப்ப நீட்டுன கை தானா மடங்கிக்கிடும். பாசத்தை வச்சே ஒரு உசுரைக் கொல்லப் பாத்த கை அது.