குளிர் அறையில் ஒரு பனியன்

கிள்ளான் துறைமுகத்தில், கப்பல்களின் அடியில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டுவதற்காக முப்பது ஆண்டுகள் நீருக்குள் இறங்கியவன் நான். அக்காலத்தில் என் உடை ஓர் அரைக்கால் சட்டையும் ஒரு பனியனும் மட்டுமே. நம் கடல் வெதுவெதுப்பானது, வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஓய்வு பெற்றபின், நார்வேயில் பணிபுரியும் என் மகள் அங்குள்ள ஏரியொன்றில் தன்னோடு முக்குளிக்க அழைத்தாள். சிறுமியாக இருந்தபோது, நான் மேலே வரும்வரை படகுத்துறையில் நின்று நீர்க்குமிழிகளையே பார்த்திருந்தவள் அவள். ஒருமுறையாவது என்னோடு கீழே இறங்கவேண்டும் என்பது அவளது நெடுநாள் ஆசை. என்னுடையதும் அதுவே, நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தொலைபேசியில் நிபந்தனைகளை அடுக்கினாள்.

“அப்பா, மேல போடற டிரை சூட் இங்க வாடகைக்குக் கெடைக்கும். அது தண்ணியத்தான் தடுக்கும், குளிர தடுக்காது. உள்ள போடறத நீங்க வாங்கிட்டு வந்துருங்க. நடுங்கினீங்கன்னா ஏரில எறக்கவே மாட்டாங்க. காட்டன் மட்டும் வேணாம், வேர்வைய புடிச்சு வச்சுக்கும். குந்தி எந்திரிச்சுப் பாத்து வாங்குங்க.”

பிரிக்பீல்ட்ஸில், குளிர்நாடு செல்வோருக்கான துணிக்கடை ஒன்றுக்குச் சென்றேன். தோலை ஒட்டி அணிய மெல்லிய கம்பளி உள்ளாடை. அதன்மேல், கழுத்துமுதல் கணுக்கால்வரை செயற்கை இழையில் ஒரே துண்டாகத் தைத்த, பஞ்சுபோன்ற தடித்த பிலீஸ் உடை. இரண்டையும் அணிந்து கண்ணாடிமுன் நின்றேன். குந்தி எழுவதற்கு நான் அறிந்த முறை ஒன்றே. காதுகளைக் குறுக்காகப் பற்றித் தோப்புக்கரணம் போட்டேன். மூன்றாவதில் பின்புறத் தையல் முனகிற்று.

கடைக்காரப் பெண்மணி ஓடிவந்தார். “ஐயோ அங்கிள், என்னாத்துக்கு என்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்க? சைஸ் பத்தலன்னா சொல்லுங்க லா, பெருசு எடுத்துத் தரேன்!”

பெரிய அளவில் பதினொரு தோப்புக்கரணங்கள் தடையின்றி நிறைவேறின. “போதும் அங்கிள், பிள்ளையாரே வந்து எழுப்பி விட்டுருவாரு” என்றார் அவர்.

அடுத்து, உடையைச் சோதிக்கக் குளிர் வேண்டும். செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்யும் என் பழைய நண்பனிடம் ஒரு குளிர் அறை உண்டு. அவன் சாவியைத் தேடிய கால்மணி நேரமும், உடை முழுவதையும் அணிந்தபடி நண்பகல் வெயிலில் காத்துநின்றேன். உள்ளே சென்ற பத்தாவது நிமிடத்தில் பற்கள் தந்தியடித்தன.

“டேய், கேரட்டு முட்டக்கோசெல்லாம் சும்மா இருக்கு. நீ மட்டும் ஏன்டா ஆடுற?” என்ற நண்பன், என் கழுத்துப்பட்டிக்குள் கையை விட்டான். “இது என்னா, பனியனா? புழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும் போல!”

அப்போதுதான் விளங்கிற்று. பனியனை நான் உடையாகக் கருதியதே இல்லை. ஐம்பது ஆண்டுகளாக அது எனக்குத் தோல். பருத்தி ஏதும் அணியவில்லையே என்று மகள் காலையில் தொலைபேசியில் கேட்டபோதுகூட, மனச்சான்று உறுத்தாமல்தான் இல்லை என்றேன். அந்தப் பருத்தி, வெயிலில் வழிந்த வியர்வை முழுவதையும் குடித்து, ஈரத்துணியாக என் மார்பில் ஒட்டிக்கிடந்தது.

பனியனைக் கழற்றி, உடல் துடைத்து, ஈரம்பட்ட கம்பளியையும் பிலீஸையும் காயவைத்து, மாலையில் மீண்டும் உள்ளே போனேன். கம்பளி வெற்றுடம்பில் அரித்தது. ஆனால் அரைமணி நேரம் கழிந்தும் நடுக்கமில்லை. கதவருகே நின்று பார்த்த நண்பன்தான், “போதும்டா, வெளிய வா, எனக்கு வெறைக்குது” என்று கெஞ்சினான்.

நார்வே ஏரிக்கரையில் பயிற்சியாளர், மேலே டிரை சூட்டும் அணிவித்து என்னைக் குளிர்நீர்த் தொட்டியில் இருபது நிமிடம் இருத்திப் பார்த்துத் தலையசைத்தார். மகளுக்கு மட்டும் ஐயம் தீரவில்லை. என் கழுத்துப்பட்டியை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

“பனியன் எங்கப்பா?”

“கிள்ளான்ல காயுது.”

அவள் சிரித்தபடி கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள். முக்குளிப்போர் மொழியில் அதற்கு, இறங்குவோம் என்று பொருள். இறங்கினோம். இம்முறை அவளுடைய குமிழிகளை அருகிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.