ஒரே கிண்ணத்தில் நான்கு கத்திரி

இன்று செவிலிமேட்டில் மாடித்தோட்டக் குழுவில் சேர்ந்தேன். முதல் நாளே விதைப் பரிமாற்றம்.

ஆறு வருடமாகக் கலக்காமல் காப்பாற்றிய, வெள்ளைக் கத்திரி உட்பட நான்கு ரகக் கத்திரி விதைகளை, பெயரும் தேதியும் எழுதிய தனித்தனிக் கவர்களில் கொண்டுபோனேன். வீட்டில் மிச்சம் வைக்கவில்லை.

குழுச் செயலாளர் அம்மா நான்கையும் ஒரே கிண்ணத்தில் கொட்டினார்.

"எல்லாம் கத்திரிதானே சார். ஆளுக்கு ஒரு ஸ்பூன் எடுத்துக்கினு போவட்டும்."

இனிக் காய்க்கும்வரை எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு வந்தது கோபம். வாயில் வந்ததோ, "பரவாயில்லைங்க."

அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். காலிக் கவர்களை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

குழு நண்பர்களே, உங்கள் மாடியில் வெள்ளைக் கத்திரி காய்த்தால் சொல்லுங்கள். அது என்னுடையது. அப்போதாவது வாய் திறந்து விதையைத் திருப்பிக் கேட்பேன் என்று நினைக்கிறேன்.