விலை குறைந்தால் வில்லங்கம்

"இன்னும் கொஞ்சம் பெரிசா... ஆங், அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு, கடைவாய்ப் பல்லில் இறங்க வேண்டிய துளைக்கருவியைத் தட்டில் வைக்கிறார் பல் டாக்டர். ஒரு கையுறையை உரித்துப் போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறார். பஞ்சுருளையும் எச்சில் உறிஞ்சும் குழாயுமாக அண்ணாந்து கிடக்கும் மனிதரின் கண்ணுக்கு நேரே ஒரு காரின் படம் வருகிறது.

"அறுபத்தாறாம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, கூரை மடிஞ்சிரும். என்ன விலை போட்டிருக்கான் தெரியுமா? ஓட்டை ஸ்கூட்டர் விலை! நம்புவீங்களா?"

"ஆ" என்கிறார் நோயாளி.

"அதேதான். நம்பவே கூடாது."

இவரோடு இத்தனை ஒத்துப்போகிறவர்கள் அந்த நாற்காலிக்கு வெளியே கிடையாது.

பல் மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், உடற்கூறு சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருவர் சிவப்பு நிறத்தில் அப்படியொரு வண்டியில், தலைமுடி பறக்க வந்து இறங்குவாராம். பேராசிரியரின் பாடம் மறந்துவிட்டது, வண்டி மறக்கவில்லை. ஒன்பது வருடங்களாக, அதேபோல் ஒரு வண்டியை வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்பது வருடங்களாக வாங்காமல் இருப்பதையும் ஒரு கலையாக வளர்த்துவிட்டார்.

அந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விளம்பரப் படத்தை விரல்களால் விரித்து, எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடிப்பார். "வெயில் கொளுத்துற ஊருன்னு எழுதியிருக்கான். பின்னாடி மரத்துல ஒரு இலை இல்ல பாருங்க. எங்கேயோ பனிக்காலத்துல எடுத்த படம்." "நம்பர் பிளேட்டை ஏன் மறைச்சிருக்கான்? என்ன, வெக்கமா?" "வீட்டுக்காரர் செத்துட்டாராம், அம்மாவுக்கு வண்டியோட மதிப்பு தெரியாதாம். செத்தவன் எல்லாம் ஸ்போர்ட்ஸ் கார்தான் வெச்சிருப்பானா?" இப்படியொரு விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பவிருந்த மருந்துக் கடைக்காரரை ஒரு முறை கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து டாக்டர் வாயில் ஒரே மந்திரம்: "விலை குறைஞ்சா வில்லங்கம்."

வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். துருப்பிடித்த தகட்டின் ஓட்டையைப் பட்டி வைத்து மெழுகிச் சாயம் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காந்தம் பட்டியில் ஒட்டாது, வழுக்கி விழுந்துவிடும். இதை அவர் தெருவில் நிற்கும் கார்களிலெல்லாம் சோதித்துப் பார்த்து, உரிமையாளர்களின் நிம்மதியைக் கெடுத்திருக்கிறார்.

வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதும் அவருடைய மனைவிக்கு வேறொரு கனவு: ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது நாற்காலி. சேர்த்து வைத்திருப்பது ஒன்றுக்குத்தான் காணும். "சரிங்க, முதல்ல உங்க வண்டி. ஆனா ஒரே தடவைதான். அதுல ஏமாந்தீங்கன்னா வண்டியும் இல்ல, நாற்காலியும் இல்ல, நானும் பேசமாட்டேன்" என்று அந்த அம்மாள் ஒருநாள் சொல்லிவிட்டார். மனிதர் சிரித்தார். "நானா? ஏமாறுறதா?"

அம்மாளின் தம்பி ஒரு மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் போகாத மனிதன். இவன் வீட்டுக்கு வந்தால் டாக்டர் நாற்காலியில் பழைய செய்தித்தாள் விரித்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். அதே மாடல் வண்டி ஒன்று கோழிக்கொட்டகையில் கிடந்ததைக் கண்டெடுத்து, நான்கு வருடம் தன் பட்டறையின் மூலையில் வைத்து, தகடு தகடாக மாற்றி, ஓடும்படி செய்திருந்தான் அவன். முடிந்ததும் அக்காவுக்குத்தான் முதலில் சொன்னான். வாங்கிப் போட்ட உதிரிப் பாகங்களின் காசு வந்தால் போதும் என்றான்.

டாக்டர் பட்டறைக்குப் போனார். வாழ்த்த அல்ல, பரிசோதிக்க. காந்தம் போதாதென்று, வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் கொண்டுபோய், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கதவின் கீழ் விளிம்பையெல்லாம் ஆராய்ந்தார். காந்தம் போன இடமெல்லாம் 'டக் டக்'கென்று ஒட்டியது. ஒரு மணி நேரம் தேடியும் குறை ஒன்றும் அகப்படவில்லை. வேறு யாராயிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவருக்கு முகம் சுருங்கியது. குறையே இல்லாத பல் கட்டின பல்லாகத்தான் இருக்கும் என்பது அவருடைய தொழில் அனுபவம்.

"ஏன் மாப்ளே இவ்வளவு கம்மி?"

"அக்கா வீட்டுக்குத்தானே போகுது, மாமா."

"அது ஒரு காரணமா?"

"வேற என்ன காரணம் வேணும்?"

"எங்கயாவது அடிபட்ட வண்டியா?"

"இல்ல."

"வெள்ளத்துல மூழ்குனதா?"

"இல்ல மாமா."

"அப்ப... திருட்டு வண்டி ஏதும்..."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரை ஓசையில்லாமல் கீழே வைத்தான். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல மாமா, உங்களுக்குத் தொழிலே அதுதான்" என்றான்.

"கோவப்படாதே மாப்ளே. சொந்தம் வேற, வண்டி வேற."

"ஆமா மாமா. இன்னைக்குத்தான் எனக்கும் தெரியுது" என்று சொல்லித் துணியை எடுத்து வண்டியை மூடினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடைக்காரர் அந்தப் பட்டறைக்குப் போனார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சாவி எங்க தம்பி?" இப்போது வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல் வழியாகக் கூரையை மடித்துவிட்டுப் போகிறார். ஹாரன் வேறு அடிக்கிறார், நன்றியுணர்ச்சியால்.

அந்த ஹாரன் டாக்டரைத் தூங்கவிடவில்லை. "விலை குறைந்தால் வில்லங்கம்" என்ற மந்திரத்தை இத்தனை நாள் ஜபித்தவர், அதைத் திருப்பிப் போட்டாலும் அப்படியே பலிக்கும் என்று எந்தக் கணத்தில் முடிவு செய்தார் என்பது தெரியாது. ஒரு மாதத்துக்குள், மெக்கானிக் கேட்டதைப்போல் மூன்று மடங்கு விலைக்கு, ஒரு குளிரூட்டிய ஷோரூமில் அவருடைய கனவு நின்றது. மரத்தரை, மேலே மஞ்சள் விளக்கு, பக்கத்தில் டை கட்டிய விற்பனையாளர்.

"எங்ககிட்ட விலை கொஞ்சம் ஜாஸ்திதான் சார். விவரம் தெரிஞ்சவங்க மட்டும்தான் வருவாங்க."

பல் டாக்டர் குளிர்ந்துபோனார். கை பழக்கத்தில் காந்தத்தைத் தொட்டது. தொட்டுவிட்டு வெளியே வந்தது, வெறுங்கையாக. "இவ்வளவு விலை சொல்றவனைப் போய்ச் சந்தேகப்படலாமா? மரியாதையா இருக்குமா?" என்று மனைவியின் காதில் கேட்டார். "தம்பியைச் சந்தேகப்படலாமாக்கும்" என்றார் அந்த அம்மாள், விளக்கைப் பார்த்தபடி. சேமிப்பு மொத்தமும் அன்றே போயிற்று. போதாததற்கு அம்மாளின் வளையலும் போயிற்று.

வண்டி வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. வெளியே போனது மூன்று முறை. திரும்பி வந்தது மூன்று முறையும் கயிற்றில். ஆனாலும் நாற்காலியில் கிடப்பவர்களுக்கு உபதேசம் நிற்கவில்லை. "தரம் வேணும்னா விலை குடுக்கணும்" என்று இப்போது சொல்கிறார். அவர்களும் "ஆ" என்கிறார்கள்.

போன வாரம் இடது கதவு சாத்திக்கொள்ள மாட்டேன் என்றது. அம்மாள் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். அவனும் வந்தான், அக்கா கூப்பிட்டால் வருகிறவன். கதவைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டை விரல் முட்டியால் தட்டினான். தகரச் சத்தம் வரவில்லை; சுவரைத் தட்டியதுபோல் 'தொப்'பென்றது. கட்டைவிரலால் இலேசாக அழுத்தினான். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சாயத்தோடு ஒரு பாளம் பெயர்ந்து தரையில் விழுந்து உடைந்தது. உள்ளே பட்டி, பட்டிக்குள் செய்தித்தாள், அதற்கும் உள்ளே இருட்டு.

மூன்று பேரும் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள்.

"வண்டி முழுக்க இப்படியாடா?" என்றார் அக்கா.

"கேக்காதக்கா" என்றான் தம்பி. கையைத் துடைத்துக்கொண்டான். "டயர் நல்ல டயர்."

அம்மாள் சொன்ன சொல் தவறாதவர், அன்றிலிருந்து பேசுவதில்லை. தம்பியை அழைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

டாக்டர் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தட்டோடு திரும்பினார். பல் அடைக்கும் பசை, பஞ்சு, பசையை இறுக்கும் நீல ஒளி விளக்கு. பல்லின் நிறம் பொருத்திப் பார்க்கும் அட்டையை மட்கார்டின் பக்கத்தில் பிடித்தார். அதில் சிவப்பு இல்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார். ஓட்டையின் விளிம்பிலிருந்த தூசியை ஊதினார், பஞ்சால் ஒற்றி ஈரம் எடுத்தார், கடுகளவு பசையை வைத்து விளக்கைக் காட்டினார். வலது கை வேலை செய்துகொண்டிருந்தபோது, இடது கை தானாகப் போய் மட்கார்டின் கீழ் விளிம்பை, வலிக்குமோ என்று அஞ்சுபவரின் தாடையைப் பிடிப்பதுபோல், மெதுவாகத் தாங்கிக்கொண்டது.