இருபது கிலோ தூசி

லாரி எடைமேடையில் ஏறும் முன்பே எடைக்காரர் கிராம் துடைப்பத்தோடு இறங்கிவிடுவார். சாலைக்கு அப்பால் நிற்கும் மரங்கள் பூக்கும் பருவம் இது. மஞ்சள் தூள் காற்றில் மிதந்து மிதந்து வந்து, இரும்புத் தகட்டின்மேல் யாரோ கனவில் பூசியதுபோலப் படிந்திருக்கும். "பூந்தூளுக்குமா எடை போடப்போறீங்க?" என்று கேட்டால், "உங்க சரக்கோட சேந்துறக் கூடாதுல்ல" என்பார். அந்தக் கறாருக்குத்தான் ஓட்டுநர்கள் நாங்கள் அவருக்குக் கிராம் என்று பேர் வைத்தோம். ஆனால் மனுஷன் எந்த வண்டியையும் ஒரு நிமிஷம் காக்க வைத்ததில்லை.

அவர் காலடியில் கிடப்பது கிளீனர். ஏதோ லாரியில் தொற்றிக்கொண்டு வந்து இங்கே இறங்கிவிட்ட நாய். பூப்பருவம் அதற்குப் போதாத காலம். வயிறெல்லாம் சிவந்துபோகும், பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். கிராமுக்கும் இதே சமயத்தில்தான் தும்மல். மஞ்சள் வெளிச்சத்தில் இருவரும் கண்ணில் நீர் வழிய எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், ஒரே கனவை இரண்டு பேர் காண்பதுபோல.

அன்று காலை நான் போனபோது, அவ்வளவு பெரிய மேடையின் நடுவில் கிளீனர் தனியாக நின்றது. கண்ணாடி அறைக்குள் எண் எரிந்தது: இருபது.

"என்னண்ணே, புது வண்டியா?"

"மருந்த எடைக்குத் தக்கனதான் குடுக்கணுமாம்யா." எடைச்சீட்டைக் கிழித்துக்கொண்டே மேசையிலிருந்த தன் சளி மாத்திரை அட்டையை எடுத்தார். "எனக்கு நல்லாக் கேக்குது. பாதி போட்டா இதுக்கும் கேக்கும்."

மருந்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம், ஏறுங்க" என்றேன்.

நாய் டாக்டரம்மா முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். "இதுல மூக்கடைப்பு மருந்தும் கலந்திருக்குங்க. இந்தக் கலவை நாயோட உயிரையே எடுத்துரும். எடை எவ்வளவு?"

கிராம் கம்பீரமாகச் சீட்டை நீட்டினார்.

"உங்க மேடையில எத்தனை கிலோவுக்கு ஒருதரம் எண் மாறும்?"

பதினெட்டு வருஷமாக எவன் சத்தம் போட்டாலும் அசையாதவர், பொத்தென்று உட்கார்ந்தார். "இருபதுக்கும்மா. லாரிக்கு அது தூசி."

பிறகு அவரே எழுந்து, கிளீனரைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்த சின்ன எடைக்கருவியில் ஏறினார். இறக்கிவிட்டு மறுபடி ஏறினார். சுமையோடு ஒன்று, காலியாக ஒன்று. கழித்தால் பன்னிரண்டு.

டாக்டரம்மா வேறு நோய் உண்டா, வேறு மருந்து ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு, கலப்பில்லாத அரிப்பு மாத்திரை எழுதினார். "நான் எழுதின அளவுதான். ஒருவேளை மறந்துட்டா, அடுத்த வேளைக்குச் சேத்துக் குடுத்துறாதீங்க. தூங்கும், பயப்படாதீங்க. வாந்தி எடுத்தாலோ, தள்ளாடினாலோ, நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ உடனே தூக்கிட்டு வாங்க. இன்னைக்குப் பூரா பக்கத்துலயே இருங்க."

மத்தியானம் சரக்கோடு திரும்பினேன். கிளீனர் மேடையின் நடுவிலேயே தூங்கிப்போயிருந்தது. கிராம் பக்கத்தில் குந்தியிருந்தார். துடைப்பம் சுவரோரம் கிடந்தது. மஞ்சள் தூள் இருவர்மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தேன். அவர் திரும்பவில்லை. ஒரு கையை அதன் விலாவில் வைத்தபடியே, மறு கையைத் தூக்கி நிற்கச் சொன்னார்.